என்னுடையது எத்தனையாவது? (புனைபெயரில் மூவர் பேசிக்கொண்டது)

மூன்றாம் வரிசை
கதிர்வீச்சுப் பிரிவுக்கு வெளியே அப்பாவுக்காகக் காத்திருந்தேன். பொழுது போகாமல் 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா என்னவென்று கேட்க, வாசித்துக் காட்டினேன். புதிதாக ஏறத்தாழ 2 கோடிப் பேர். நுரையீரல் முதலிடம், 25 லட்சத்தை ஒட்டி. அடுத்து மார்பகம், 23 லட்சம். பிறகு பெருங்குடல். "என்னுடையது எத்தனையாவது, தம்பி?" என்றார். பித்தப்பையாம். தள்ளுகிறேன், தள்ளுகிறேன், பத்தைத் தாண்டியும் வரவில்லை. அவர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பழைய பதிவேடு
உலகப் பட்டியலை வாசித்ததுதான் பிழை. சிலியிலும் வட இந்தியாவின் கங்கைச் சமவெளியிலும் பித்தப்பைப் புற்று அப்படியொன்றும் அபூர்வமில்லை. மங்கோலியாவில் கல்லீரல் முந்தி நிற்கிறது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளின் கைங்கரியம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பெண்களுக்குக் கருப்பைவாய்தான் முதலிடம். எல்லாவற்றையும் கலந்து வரிசை போட்டால் அது யாருடைய வரிசை?

நான், ஊர்வாரியாக நோயாளிகளைக் கணக்கெடுக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில் படிவம் நிரப்பியவன். முகவரி கேட்டபோது ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து விடுதிச் சாவியை எடுத்து, அதில் தொங்கிய அட்டையை நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்படியே எழுதிக்கொண்டேன். வழக்கமாக வசிக்கும் இடத்தை அல்லவா எழுத வேண்டும்! மறுநாள் உறைத்து ஓடினேன். அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய ஊர்க் கணக்கில் ஒன்று குறைந்தது என்னால்தான்.

நிழல்குடை
பதிவேட்டுக்காரர் சொல்வது பாதிதான். எண்ணிக்கை ஏறினாலே நோய் பெருகிவிட்டதாக ஆகாது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் என் அக்காவுக்குத் தைராய்டில் புள்ளி தெரிந்தது. அன்றிரவே எனக்குப் போன் செய்து நகைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். தென்கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டுப் புற்று விகிதம் 15 மடங்கானது, இறப்பு அசையவில்லை. தேடத் தேடக் கிடைக்கும் வகை அது.

ஆகவே, ஒரு பகுதியின் விகிதத்தைப் பார்த்தால், வயதுக்கேற்பச் சீர்செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், முதியவர்கள் நிறைந்த இடம் பெரும்பாலும் மோசமாகவே தெரியும். பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும், கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கான தடுப்பூசியையும் தவறாமல் போடுங்கள். புகையிலையை விடுங்கள். காரணமில்லாமல் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்காதீர்கள். மார்பகம், கருப்பைவாய், பெருங்குடல் பரிசோதனைகள் வேறு வகை, அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாம் வரிசை
தடுப்பூசியைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, ஐயா. வீட்டுக்கு வந்து பார்த்தேன், பித்தப்பை இருபதுக்கும் கீழே இருந்தது. கடைசியில் இருந்தால் ஆபத்துக் குறைவு என்று எண்ணி அந்த அம்மா கேட்டாரா, தன் நோய் கணக்கிலாவது இருக்கிறதா என்று கேட்டாரா? அடுத்த வாரமும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் வரவில்லை.