தபால் கந்தோர் பேரில வாற "பார்சல் நிக்குது" மெசேஜ்: உண்மையோ கள்ளமோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

கொக்குவில்_ஒழுங்கை:
கனடாவில இருந்து தபாலில ஒரு பார்சல் வரவேண்டிக் கிடக்கு. இந்த நேரம் பார்த்து அம்மான்ர போனுக்கு இப்பிடி ஒரு மெசேஜ்: "உங்கள் பொதி களஞ்சியத்தை வந்தடைந்துள்ளது. முகவரி முழுமையற்றதால் விநியோகிக்க முடியவில்லை. 12 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்தவும்." கீழ ஒரு லிங்க். அனுப்பின நம்பர் +63 இல தொடங்குது. லிங்கில தபால் திணைக்களச் சின்னம், சிபி 618204753 எல்கே எண்டு ஒரு ட்ராக்கிங் நம்பர், "மீள் விநியோகக் கட்டணம் ரூபா 96" எல்லாம் இருக்கு. கார்ட்டால கட்டட்டாம். கள்ளம் எண்டுதான் படுகுது, ஆனால் உண்மையாவே பார்சல் வர இருக்கிறபடியால் தள்ளிவிடவும் மனமில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்கலாம்?

கந்தோர்க்_கதிரை:
கள்ளம்தான். +63 பிலிப்பைன்ஸ் நம்பர். ஆனால் நம்பரை மட்டும் நம்பி முடிவெடுக்கப் பழகாதேங்கோ. அனுப்புநர் பேரைப் போலியாப் போடலாம். போன் மெசேஜுகளைப் பேரை வைச்சுத்தான் அடுக்கும், அதால கள்ள மெசேஜ் உண்மையான மெசேஜுகளுக்குக் கீழயே வந்து குந்தும்.

பார்க்க வேண்டியது லிங்கை. திணைக்களத்தின்ர தளம் எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே. கள்ளர் இதே எழுத்துகளை முன்னுக்கு எழுதிப்போட்டு, பின்னால ஒரு கோடோ புள்ளியோ வைச்சு, வேற என்னவோ டொட் டொப் எண்டு முடிப்பினம். எச்டிடிபிஎஸ்ஸோட ஒட்டி நிக்கிற இரண்டு சாய்கோட்டையும் விட்டிட்டு, அதுக்குப் பிறகு வாற முதல் சாய்கோட்டைத் தேடுங்கோ. அதுக்கு ஒட்டி இடப்பக்கம் கடைசியா நிக்கிற பேர்தான் வீட்டுச் சொந்தக்காரன், அதாவது தளம் உண்மையில ஆற்றை எண்டு காட்டுறது. அதுக்கு முன்னால எழுதிக்கிடக்கிறதெல்லாம் அவன் தன்ர எண்ணத்துக்கு மாட்டின பெயர்ப்பலகை. பூட்டுச் சின்னத்தைப் பார்த்தும் ஏமாறாதேங்கோ, கள்ளத் தளத்துக்கும் பூட்டு இலவசமாக் கிடைக்குது.

"'வை' என்ற ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு லிங்கைத் திறவுங்கள்" எண்டு கேட்டாலும் அனுப்பாதேங்கோ. ஐபோனில தெரியாத ஆள் அனுப்பின லிங்க் வேலை செய்யாது, நீங்கள் பதில் போட்டால்தான் திறபடும். கேக்கிறது அதுக்குத்தான். இன்னொண்டு, இந்தத் தளங்களில கனக்க போனில மட்டும்தான் விரியும். கொம்பியூட்டரில திறந்தால் வெறுமையா வரும், இல்லாட்டி உண்மையான தளத்துக்கே தள்ளிவிடும். "கொம்பியூட்டரில பார்த்தன், பிரச்சினை இல்லை" எண்டு ஆரும் சொன்னால் அது சோதனை இல்லை.

வாய்ப்பாடு:
ட்ராக்கிங் நம்பரே காட்டிக்குடுக்குது. சர்வதேசத் தபாலில இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இரண்டு எழுத்து வரும். கடைசி இரண்டும் அனுப்பின நாடு, போய்ச்சேருற நாடு இல்லை. கனடாப் பார்சல் சிஏ எண்டு முடியவேணும். எல்கே எண்டால் இலங்கையில இருந்து வெளிக்கிட்டது.

ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் வரிசையா 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல பெருக்கிக் கூட்டுங்கோ. 61820475 க்கு 48 + 6 + 32 + 4 + 0 + 20 + 63 + 35 = 208. 11 ஆல வகுத்தால் மிச்சம் 10. 11 இல இருந்து 10 ஐக் கழிச்சால் 1. மெசேஜில 3 கிடக்கு, ஆக நம்பர் பிழை. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 எண்டு எடுக்கவேணும்.) ஆனால் கணக்குச் சரிவந்தால் மெசேஜும் சரி எண்டில்லை, சரியான நம்பரை ஆரும் உண்டாக்கலாம்.

சுன்னாகம்_சந்தை:
தபாலால வாற வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கத் தீர்வை விழுந்தால் வீட்டுக்கு அறிவித்தல் துண்டு வரும். அதோட அடையாள அட்டையையும் கொண்டுபோய், காசு கட்டி, ரசீதோட எடுக்கிறதுதான் முறை. தனியார் கூரியர் அப்பிடியில்லை. டிஎச்எல் போல ஆக்கள் தீர்வையை ஒன்லைனில கட்ட விடுவினம். அதால "காசு கேட்டாலே கள்ளம்" எண்டும் சொல்லேலாது. அனுப்பின ஆளிட்ட நம்பரை வாங்கி, கூரியர்காரற்ற தளத்தை நீங்களே தட்டெழுதித் திறந்து பாருங்கோ. மெசேஜில வந்த லிங்காலை மட்டும் போகாதேங்கோ.

கொக்குவில்_ஒழுங்கை:
நன்றி அண்ணையாக்கள். ஒருவேளை ஆரும் கார்ட் விபரத்தைக் குடுத்துப்போட்டால்?

கந்தோர்க்_கதிரை:
எவ்வளவு தூரம் போச்சுது எண்டதைப் பொறுத்தது. லிங்கைத் திறந்து உடன மூடினால் பெரும்பாலும் ஒண்டுமில்லை. ஏதும் ஆப் இறக்கச் சொல்லி இறக்கியிருந்தால் கதை வேற: நெட்டை நிப்பாட்டி, முக்கியமான படங்களை எடுத்து வைச்சுப்போட்டு, போனை முழுசா ரீசெட் பண்ணுங்கோ. வங்கிக் கடவுச்சொல்லை வேற போனில இருந்து மாத்தவேணும்.

கார்ட் நம்பரும் பின்பக்க மூண்டு இலக்கமும் போயிருந்தால், ஓடிபி (வங்கி போனுக்கு அனுப்புற ஒருமுறை இலக்கம்) குடுக்காட்டிலும் கார்ட்டை நிப்பாட்டவேணும். வெளிநாட்டுக் கடைகள் சிலதில ஓடிபி இல்லாமலே காசு கழியும். கார்ட்டின்ர பின்பக்கம் இருக்கிற நம்பருக்கு எடுங்கோ, கூகுளில தேடி எடுக்காதேங்கோ.

96 ரூபா அவைக்குத் தேவையில்லை. தூண்டிலில குத்தின புழு அது. ஓடிபி மெசேஜை முழுக்க வாசியுங்கோ, ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்கிற பழக்கத்தாலதான் காசு போகுது. வங்கிகள் பெரும்பாலும் அதில தொகையையும் கடைப் பேரையும் போடும். தளத்தில 96 ரூபா எண்டிருக்க, மெசேஜில திர்ஹாமிலயோ டொலரிலயோ பெரிய தொகை நிக்கும். தொகையே இல்லாமல் "உங்கள் கார்ட்டை கூகுள் பேயில் சேர்க்க" எண்டு வந்தால் இன்னும் மோசம். உங்கட கார்ட்டை அவன் தன்ர போனில ஏத்துறான், பிறகு கடை கடையாத் தட்டித் தட்டி வாங்கலாம்.

காசு போயிருந்தால் வங்கியில எழுத்தில முறைப்பாடு குடுத்து இலக்கம் வாங்குங்கோ. மெசேஜை அழிக்க முதல் நம்பரும் லிங்கும் தெரியிற மாதிரி ஸ்கிரீன்சொட். கணினிப் பாதுகாப்புச் சிக்கலுகளைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கு அறிவிக்க 101. வங்கி இழுத்தடிச்சால் மத்திய வங்கியின்ர 1935. பொலிசிலயும் போடலாம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கு. பிறகு "போன காசை எடுத்துத் தாறம், முதல்ல கட்டணம் கட்டுங்கோ" எண்டு ஒருத்தன் வருவான், அவனும் அதே கூட்டம்தான்.

வாய்ப்பாடு:
கனடாவில அனுப்பின ஆளிட்ட ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ. சில சேவைகளுக்கு எழுத்தில்லாத 16 இலக்க நம்பர் இருக்கும், அதைக் கண்டு பயப்பிட வேண்டாம். கனடாத் தபாலின்ர தளத்தில போட்டால் பார்சல் கொழும்புக்கு வந்திட்டுதோ எண்டு தெரியும்.