கலைச்சொல் வேண்டல்: ‘ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்’

வணக்கம்.

உணவியல் பாடநூல் ஒன்றுக்கு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்தைக் குறிக்கும் ‘ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்’ என்பதற்குச் சொல் தேவை. ‘எதிர்ப்பு மாவுச்சத்து’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று கேட்டுப் பழகியவருக்கு, உடம்புக்கு எதிர்ப்பாற்றல் தரும் மாவு என்றே இது படும். ‘செரியா மாவுச்சத்து’ என்று போடலாமா?

—

ஐயா, வணக்கம்.

‘செரியா’ என்றால் தாவரச் செல்சுவரின் நார்ப்பொருளான செல்லுலோசோடு சேர்ந்துவிடும். இரண்டும் வேறு. செல்லுலோசில் குளுக்கோசுகள் பீட்டா-1,4 பிணைப்பால் கோத்திருக்கின்றன. அதை வெட்டும் நொதி மனித உடலில் சுரப்பதே இல்லை. மாவுச்சத்தில் இருப்பது பெரும்பாலும் ஆல்பா-1,4. உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்னும் நொதி வாயிலேயே அதை வெட்டத் தொடங்கும். இரைப்பை அமிலத்தில் அது செயலிழந்தபின் கணைய அமைலேசு சிறுகுடலில் தொடரும். ஆக, நாம் பேசும் பொருளுக்கு வெட்டும் நொதியும் உண்டு, வெட்டுப்படும் பிணைப்பும் உண்டு. நொதிதான் உள்ளே போய்ச் சேர முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சரியாக அரைபடாத தானியத்தில் செல்சுவர் மறிக்கிறது. பச்சை வாழைக்காயில் மாவுமணியே (மாவுச்சத்துத் துகளே) இறுகிக் கிடக்கிறது. வேகவைத்தால் மணி உப்பி உடைய, நொதிக்கு வழி கிடைத்துவிடும். சோற்றில் கதை வேறு: வெந்தபின் ஆறும்போது, மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோசின் இழைகள் மறுபடி பின்னிப் படிகமாகின்றன. அந்தப் படிகம் உருக 100 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதால் சூடுபண்ணினாலும் பெரும்பகுதி நிற்கும்.

ஆய்வகத்தில் இதை 37 பாகையில் நொதிகளோடு கலந்து அளக்கிறார்கள். 20 நிமிடத்துக்குள் குளுக்கோசாவது விரைந்து செரிப்பது; 120 நிமிடத்துக்குள் ஆவது மெல்லச் செரிப்பது; அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் இது. எனவே ‘வறட்சி தாங்கும் நெல்’ என்பதுபோல ‘நொதிதாங்கு மாவுச்சத்து’ என்பது என் பரிந்துரை.

—

வணக்கம்.

‘தாங்கு’ மிகப் பொருத்தம். ‘நொதி’யில்தான் சிக்கல். இலங்கையில் நாங்கள் ‘நொதியம்’ என்போம். அந்தச் சொல்லுக்கும் ‘நொதித்தல்’ (நுண்ணுயிர் புளிக்கச் செய்தல்) பக்கத்திலேயே நிற்கிறது. சிறுகுடலைக் கடந்த இந்த மாப்பொருளைப் பெருங்குடலில் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்துதான் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் கலங்களுக்கு (செல்களுக்கு) முதன்மையான எரிபொருள். ‘நொதிதாங்கு’ என்று படித்த பிள்ளை ‘நொதிக்காதது’ என்று பரீட்சையில் எழுதும், உண்மை நேரெதிர். வெட்டுவதும் பற்றீரியாக்களின் நொதியங்களே. எங்களுக்கு ‘சமிபாடு தாங்கும் மாப்பொருள்’, உங்களுக்கு ‘செரிமானம் தாங்கும் மாவுச்சத்து’ என்று வைத்தால் என்ன?

—

ஏற்கிறேன் அம்மா. செரிமானம் நம் உடல் செய்வது, நொதித்தல் நுண்ணுயிர் செய்வது என்ற பிரிவும் இதில் தெளிவாகிறது. சொல்லடைவுக்கு: ‘செரிமானம் தாங்கும் மாவுச்சத்து — சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடையும் மாவுச்சத்து.’

ஐயா, ஒரு வேண்டுகோள். பழைய சோற்றை எடுத்துக்காட்டாகத் தந்தால் அளவையும் சேர்த்தே எழுதுங்கள். ஆறவைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு இது ஓரிரு கிராம் அளவில்தான் இருக்கும். மீதி மாவுச்சத்து வழக்கம்போல் குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும். நீரிழிவு உள்ளவர் அளவு பாராமல் உண்ணலாம் என்று அந்தப் பக்கத்தை யாரும் படித்துவிடக் கூடாது.