பல மொழித் தொழிற்சாலையில் ஆண்டு விழா: மாறுவேட அணிவகுப்பைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேள்வி: நலக்குழு உறுப்பினர், ஓசூர்

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட் பகுதியில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் நலக்குழுவில் இருக்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் உள்ளூர்த் தொழிலாளர்கள் எங்களிடம் நெடுங்காலமாகவே உண்டு. அண்மை ஆண்டுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களும், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களும் கணிசமாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆண்டு விழாவில் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி தவறாமல் நடக்கும். மாநிலத்துக்கு ஓர் ஆணும் பெண்ணுமாக வாடகை உடையில் மேடையேறி, இரண்டு சுற்று நடந்து, ஒரு திரைப்படப் பாட்டுக்கு ஆடிவிட்டு இறங்குவார்கள். சென்ற முறை ஒடிசாப் புடவை கிடைக்கவில்லை என்று வங்காளப் புடவையைக் கட்டி ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவரைத் தவிர வேறு எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இம்முறை நிர்வாகம் பொறுப்பை எங்கள் குழுவிடமே விட்டிருப்பதால், எந்தக் கலைகளைச் சேர்க்கலாம், நிகழ்ச்சியை எந்த மொழியில் தொகுக்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கூத்து ரசிகர், பாலக்கோடு

ஐயா, எனக்குத் தெரிந்தது மேடைதான். அதைப் பற்றிச் சொல்கிறேன். பல மொழிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் கலை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது, அதாவது மகாபாரதக் கதையை விழாவாக நடத்தும்போது, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடந்து, அர்ச்சுனன் தபசைக் கடந்து துரியோதனன் படுகளத்தில் வந்து நிற்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் புரிந்தா அவர்கள் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்? கதை முன்பே தெரியும். மத்தளமும் முகவீணையும் அடவும் மீதியைச் சொல்லிவிடும். போதாததற்குக் கட்டியங்காரன் இடையில் புகுந்து, அரசன் பாடிய விருத்தத்தை அன்றாடப் பேச்சில் உடைத்து, அந்த ஊர்க் கேலியையும் கலந்து தந்துவிடுவான்.

உங்களுக்கு வேண்டியவர் அந்தக் கட்டியங்காரர்தான். ஆறு தொகுப்பாளர்கள் ஆறு மொழிகளில் ‘அடுத்ததாக’ என்று அறிவித்துக்கொண்டிருந்தால் கூட்டம் கேன்டீன் பக்கம் போய்விடும். இரண்டு மூன்று மொழிகளைக் கலந்து பேசவும் நையாண்டி செய்யவும் தெரிந்த ஒரு தொழிலாளியைப் பிடியுங்கள். ஓசூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

பெங்களூரில் கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகமும் திரௌபதிக்கு உரியதே. திகளர் சமூகத்தவர் சுமக்கும் அந்தக் கரகம் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் சென்றுதான் வலத்தைத் தொடர்கிறது. ஒற்றுமை நிகழ்ச்சி என்று அதற்கு எவரும் பெயர் சூட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கூத்துக் குழுவை அழைப்பதாக இருந்தால், பத்து நிமிடம் ஆடிக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஒரு முழுக் காட்சியாவது கொடுங்கள். இல்லையென்றால் அழைக்காமல் இருப்பதே அவர்களுக்கு மரியாதை.

பதில்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்தவர், ஓசூர்

பாலக்கோட்டு நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேடைக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அழைப்பு உண்டா? பல இடங்களில் நான் பார்த்த வரையில், வெளிமாநிலத்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்ததாரரின் பட்டியலில்தான் இருக்கிறார்கள். விழாவோ நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் நடக்கிறது. மேடையில் ஒடிசா இருக்கும், பந்தலில் ஒடிசாக்காரர் இருக்க மாட்டார்.

அடுத்தது விடுமுறை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன் ஐந்து பண்டிகை விடுமுறைகள் உண்டு. பொங்கலும் ஆயுத பூஜையும் தீபாவளியும் போக எஞ்சும் இரண்டு நாட்களுக்காக யுகாதியும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் தமிழ்ப் புத்தாண்டும் போட்டி போடுவது இந்த ஊரில் பழைய கதை. இப்போது பீகார்த் தொழிலாளர்களின் சத் பூஜையும் வரிசையில் நிற்கிறது. ஐந்தை ஏழாக்க நிர்வாகம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு இரட்டை ஊதியமோ, அன்றைய ஊதியத்தோடு வேறொரு நாளில் ஊதியத்துடன் கூடிய மாற்று விடுமுறையோ தரலாம் என்று அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. இடைவிடாமல் ஷிப்ட் ஓடும் பிரிவுகளில், சித்திரை முதல் நாளில் வேலைக்கு வர விரும்பும் பீகார்த் தொழிலாளி அந்த விடுமுறையைத் தன் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளட்டும். அவர் விரும்பினால் மட்டும் என்பதை எழுத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் மேற்பார்வையாளர் அதைக் கட்டாயமாக்கிவிடுவார்.

அறிவிப்புப் பலகையையும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சில நூறு பேர் இந்தியோ ஒடியாவோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கும் ஆலையில், சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று தமிழோடு நிறுத்திக்கொண்டால், அழுத்த இயந்திரத்தின் எச்சரிக்கை உரியவரைச் சென்று சேராது. என் கணக்கில், விழாச் செலவில் ஒரு பகுதியை அந்தப் பலகைகளுக்குக் கேட்பதில் தவறில்லை.

பதில்: விடுதிக் காப்பாளர், கிருஷ்ணகிரி

பெண்கள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். விழாவுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் ஒடிசாப் பெண்களைக் கேட்டபோது ஒருவர்கூட நடனம் என்று சொல்லவில்லை. ஊஞ்சல் வேண்டும் என்றார்கள். அவர்கள் ஊரில் ஜூன் நடுவில், நமக்கு ஆனி பிறக்கும் நாளை ஒட்டி, ரஜ பண்டிகை வருகிறது. பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று கருதி அந்நாட்களில் நிலத்தை உழமாட்டார்கள். பெண்களுக்கு வீட்டு வேலையிலிருந்து ஓய்வு. புத்தாடை உடுத்தி ஊஞ்சலாடுவார்கள். அரிசி, உளுந்து, தேங்காய், வெல்லம் சேர்த்து மெதுவாகச் சுட்டெடுக்கும் பொடபிட்டா அப்போதைய பலகாரம். ஊஞ்சல் கட்டப் பாதுகாப்பு அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டிய பிறகு ஊத்தங்கரைப் பெண்களும் காவேரிப்பட்டணத்துப் பெண்களும் இறங்க மறுத்தார்கள்.

சத் பூஜையைப் பற்றிப் பெரியவர் குறிப்பிட்டார். தீபாவளிக்குப் பின் வரும் சஷ்டியில் மாலைச் சூரியனுக்கு நீரில் நின்று படைக்கிறார்கள். பெரும்பாலும் அதே நாளில்தான் நம் முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம். அதனால் அன்று அரைநாள் அனுமதி கேட்பவர்கள் இரு தரப்பிலும் இருப்பார்கள்; சேர்ந்து கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் எல்லோரும் தம் மாநிலத்தைக் காட்டிக்கொள்ள விரும்புவதாக எண்ணிவிட வேண்டாம். ஜார்க்கண்டுப் பெண் ஒருவர், தனக்குக் கபடி ஆடத்தான் பிடிக்கும், எங்கள் ஊர் ஆட்டத்தை ஆடு என்று கேட்காதீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் கபடி ஆடட்டுமே!

விற்பனைக் கடை வைப்பதாக இருந்தால், தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்களை அழைக்கலாம். வழக்கொழிந்து கொண்டிருந்த தையல் வேலைப்பாட்டை மூத்த பெண்களிடம் கற்று, இன்று ‘போர்கை’ என்ற தங்கள் அமைப்பின் பெயரிலேயே விற்கிறார்கள். அந்த உடையை எங்கள் பெண்களுக்கு மாட்டி மேடையில் நடக்கவிடுவதைவிட, தைத்தவர்களே வந்து விலை சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அணிவகுப்பைக் கைவிடுவதென்றும், ஒப்பந்தத் தொழிலாளர் இருவரைக் குழுவில் சேர்ப்பதென்றும் நேற்றைய கூட்டத்தில் முடிவாயிற்று. கூத்துக்கு ஒரு முழுக் காட்சி ஒதுக்கியிருக்கிறோம். மாற்று விடுமுறையைப் பரிசீலிப்பதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது: உற்பத்தி பாதிக்கக் கூடாது என்பதால் விழாவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்தவர், ஓசூர்

ஏற்க வேண்டாம். விடுதிப் பெண்கள் துணி துவைக்கவும், ஊருக்குப் பேசவும், சந்தைக்குப் போகவும் கிடைக்கும் ஒரே நாள் அது. இரண்டாம் ஷிப்டை முன்கூட்டியே முடித்து வேலைநாள் மாலையில் நடத்தக் கேளுங்கள். ஒத்திகை நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். ஒத்திகைக்காக ஓவர்டைமை இழக்க ஒப்பந்தத் தொழிலாளரால் முடியாது; அது தீர்மானமாகவில்லை என்றால் மேடையில் மறுபடியும் அலுவலக ஊழியர்கள்தான் ஆடுவார்கள். இரண்டையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, நிர்வாகப் பிரதிநிதியின் கையெழுத்தை வாங்கிவிட்டுப் பிறகு பந்தலுக்கு முன்பணம் கொடுங்கள்.