டிசி பயணத்தில் ஒரு நாள்: மவுன்ட் வெர்னானா, மான்டிசெல்லோவா?

நெய்வேலிக்காரன்:
ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நாலு நாள் வாஷிங்டன் டிசி. அதில் ஒரு நாள் பழைய அதிபர் ஒருவரின் வீட்டைப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது, யார் வீடு என்பதில்தான் சண்டை. அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். ஐந்து சென்ட் காசைத் திருப்பிக் காட்டி, "இந்த வீட்டுக்குப் போகணும்" என்கிறார். அது ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ. டிசியிலிருந்து இரண்டரை மணி நேரம். வீட்டுக்காரி, "ஜார்ஜ் வாஷிங்டனோட மவுன்ட் வெர்னான் வீடு பக்கத்திலேயே இருக்கே, எதுக்கு அலைச்சல்" என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பொட்டோமக் பாண்டி:
யோசிக்கவே வேண்டாம், மவுன்ட் வெர்னான். டிசியிலிருந்து தெற்கே 15 மைல்தான். கார் இல்லாவிட்டாலும் மஞ்சள் தடத்தில் ஹன்டிங்டன் வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ். வருஷம் 365 நாளும் திறந்திருக்கும்.

அம்மாவுக்காகத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். வீட்டின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் பெரிய திண்ணை, உயரமான தூண்கள், வரிசையாக நாற்காலிகள். எதிரே சரிவில் புல்வெளி, அதற்குக் கீழே பொட்டோமக் ஆறு. எங்கள் மாமியார் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவுக்கும் சரக்கு இருக்கிறது. நடுக்கூடத்துச் சுவரில் பிரெஞ்சுப் புரட்சியில் விழுந்த பாஸ்டீல் சிறையின் சாவி தொங்குகிறது, வாஷிங்டனின் நண்பரான பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 1790இல் அனுப்பியது. 1799இல் வாஷிங்டன் உயிர்விட்ட அதே கட்டில் மாடியில் இருக்கிறது. அப்புறம் அந்த வெளிச்சுவர்! கல் கட்டடம் என்றே நினைத்திருந்தேன். பைன் பலகையில் கல் அடுக்கியதுபோல் கோடு வெட்டி, பெயின்ட் காயும் முன்னே மணலை வீசியிருக்கிறார்கள்.

மலைமேல்மீனா:
பாண்டி அண்ணே, திண்ணைக்காக ஒரு வரலாற்று வாத்தியாரை அங்கே கூட்டிப்போகச் சொல்வது அநியாயம். மவுன்ட் வெர்னான் ஒரு பெரிய பண்ணையாரின் வீடு, அழகான வீடு, அவ்வளவுதான். மான்டிசெல்லோவில் ஜெஃபர்சனின் மூளைக்குள்ளேயே நடக்கலாம்.

வாசல் கூடத்தில் ஒரு கடிகாரம். பீரங்கிக் குண்டு மாதிரி எடைகள் கயிற்றில் இறங்கிக்கொண்டே வரும், எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கிழமை. சுவரோரமாகக் கிழமைகளைக் குறித்திருக்கிறார். கூடத்தின் உயரம் போதவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தரையில் ஓட்டை போட்டுவிட்டார். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது. வெளியே தெரியும் முகப்பில் மணி முள் மட்டும்தான், நிமிஷ முள் கிடையாது. கட்டிலும் அப்படித்தான், படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் நடுவிலுள்ள மாடத்தில். எந்தப் பக்கம் இறங்குகிறாரோ அன்றைய வேலை அந்தப் பக்கம்.

மலையிலிருந்து இறங்கும் பாதையில் அவர் கல்லறை. கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்: சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம். அதிபராக இருந்தது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் அப்பா அங்கேயே வகுப்பு எடுத்துவிடுவார்.

பொட்டோமக் பாண்டி:
எல்லாம் சரிம்மா. போக இரண்டரை, வர இரண்டரை, ஐந்து மணி நேரம் காருக்குள் மடக்கி உட்கார்ந்தால் அந்த முழங்கால் என்ன ஆகும்? உள்ளே போனால் வழிகாட்டியோடு நின்றுகொண்டே பார்க்க வேண்டும்.

மலைமேல்மீனா:
மேலே போக ஷட்டில் பஸ் விடுகிறார்கள். சாதாரண டிக்கெட்டில் கீழ்த்தளம் மட்டும்தான், அந்தக் குறுகல் மாடிப்படி ஏற வேண்டியதே இல்லை. உங்கள் கட்டிலைப் பார்க்கத்தான் அண்ணே மாடி ஏறணும்.

கோடாரி:
இரண்டு பேருமே கடிகாரம், கட்டில், திண்ணை என்று பேசுகிறீர்கள். இரண்டும் அடிமைகள் கட்டிய, அடிமைகள் நடத்திய வீடுகள். வாஷிங்டன் இறந்தபோது மவுன்ட் வெர்னானில் 317 அடிமைகள். ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் வைத்திருந்தார். டிசிக்குள்ளேயே லிங்கன் குடில் இருக்கிறது, வெள்ளை மாளிகையிலிருந்து மூன்று மைல்தான். 1862, 63, 64 மூன்று வருஷமும் வெயில் காலத்தில் அங்கேதான் இருந்தார். விடுதலைப் பிரகடனத்தை அங்கே இருந்துகொண்டு எழுதினார். தினமும் குதிரையில் ஆபீஸ் போய் வருவார். ஒருமுறை ராத்திரி வழியில் யாரோ சுட்டதில் தொப்பியில் ஓட்டை. அங்கே போங்கள், பாதி நாள் மிச்சமாகும்.

பொட்டோமக் பாண்டி:
அந்தக் குடிலில் மேசை நாற்காலிகூட அதிகம் கிடையாது, வெறும் அறைகள். கதை கேட்கத்தான் போகணும். இன்னொன்று, வாஷிங்டனாவது தன் பெயரில் இருந்த 123 பேரை உயிலில் விடுவித்தார்.

கோடாரி:
"தன் மனைவி காலத்துக்குப் பிறகு" என்று எழுதியிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்த்தாவே 1801 ஜனவரியில் முந்திக்கொண்டு விடுவித்தார். அவர் முதல் கணவர் வழியாக வந்த 150க்கு மேற்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அதிபராக இருந்தபோது ஓடிப்போன ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணைப் பிடித்துவர ஆள் அனுப்பியதும் இதே மனிதர்தான்.

மலைமேல்மீனா:
கோடாரி சொல்வதில் பாதிக்கு நான் கட்சி. ஆனால் அதனால்தான் மான்டிசெல்லோ போகணும் என்கிறேன். 1826இல் இறக்கும்போது லட்சம் டாலருக்கு மேல் கடன். ஆறு மாதத்தில், அந்தப் புல்வெளியிலேயே 130 பேரை ஏலம் போட்டார்கள். சாலி ஹெமிங்ஸுக்கென்று 2018இல் ஒரு அறையைத் திறந்திருக்கிறார்கள். ஜெஃபர்சனுக்குக் குழந்தைகள் பெற்ற அடிமைப் பெண். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அதனால் அறையில் ஒரு உடை மட்டும் நிற்கிறது, சுவரில் அவர் மகன் மேடிசன் சொன்ன வார்த்தைகள் ஒளியாக ஓடுகின்றன. நாலு முறை போயிருக்கிறேன், அந்த அறையில் யாரும் பேசிப் பார்த்ததில்லை. இதை லிங்கன் குடிலில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கோடாரி:
ஒரு வார்த்தை: நுழைவுச்சீட்டுக் காசு இன்னமும் ஜெஃபர்சனைப் பார்க்க வருகிறவர்களிடமிருந்துதான்.

சும்மா வந்தவன்:
மான்டிசெல்லோ போனால் பக்கத்திலேயே இன்னொரு பழைய அதிபர் மன்றோவின் வீடு, ஹைலேண்ட். ரொம்ப வருஷமாக "இதுதான் மன்றோ குடியிருந்த வீடு" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். 2016இல் தோண்டிப் பார்த்தால் அசல் வீட்டின் அஸ்திவாரம் பக்கத்தில் கிடக்கிறது. காட்டிக்கொண்டிருந்தது விருந்தாளி வீடு! நான் 2011லேயே போய், வாசலில் நின்று பயபக்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டவன்.

நெய்வேலிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த இழையை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது என்றதும் சிரித்தார். ஏலம் வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். "பிரகடனம் எழுதின கை கடன் பத்திரத்திலும் எழுதியிருக்கு, அதையும் பார்க்கணும்ல" என்றார். அம்மாவுக்குத் திண்ணைதான் பிடித்தது. ஆனாலும், "அவர் இத்தனை வருஷமா புஸ்தகத்துல காட்டினது, போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே மான்டிசெல்லோ. மீனா, டிக்கெட் ஆன்லைனில் எடுக்கிறேன். ஐந்து மணி நேரக் கார்ப் பயணம் வேண்டாம் என்ற பாண்டி சார் பேச்சைக் கேட்டு, முதல் நாள் சாயங்காலமே மான்டிசெல்லோவுக்குப் பக்கத்து ஊரான சார்லட்ஸ்வில் போய்த் தங்கல். கோடாரி, திரும்பி வந்தபிறகு லிங்கன் குடிலுக்கு அரை நாள் இருக்கிறது.

பொட்டோமக் பாண்டி:
தோற்றது நானா? சரி. அப்போ டிசியில் எதை வெட்டினீர்கள்?

நெய்வேலிக்காரன்:
ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம். எட்டு வயசுப் பையனுக்கு இன்னும் சொல்லவில்லை.