கலைச்சொல் உதவி: விரிதாள் கலத்தில் எண்ணை நாணயத் தொகையாகக் காட்டும் குறித்தொடருக்கு என்ன பெயர்?

தொடக்க மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விரிதாள் (spreadsheet) பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். ஓர் அதிகாரம் மட்டும் முடியாமல் நிற்கிறது. கலத்தில் (cell) உள்ள எண்ணை நாணயத் தொகையாகக் காட்டுவதற்கு #,##0.00 போன்றதொரு குறித்தொடரை நாமே எழுதிக் கொடுக்கும் வசதியைப் பற்றிய அதிகாரம் அது. இதற்கு 'எண் வடிவமைப்பு', 'எண் வடிவூட்டம்' என்ற இரு வழக்குகள் உள்ளன. இரண்டுமே வகுப்பில் தவறான கருத்தை விதைக்கின்றன.

சென்ற வகுப்பில் 10.004 என்ற எண்ணை மூன்று கலங்களில் இட்டு, இரண்டு பதின்ம இடங்கள் மட்டும் தெரியுமாறு செய்தோம். மூன்றும் 10.00 என்று தெரிந்தன, கூட்டுத்தொகையோ 30.01 என்று வந்தது. மென்பொருள் தவறாகக் கூட்டுகிறது என்றார்கள் மாணவர்கள். கலத்துக்குள் இருப்பது இன்னமும் 10.004 தான், உண்மையான கூட்டுத்தொகை 30.012 என்று விளக்கியபோது, "வடிவமைத்த பிறகு எண் மாறியிருக்க வேண்டுமல்லவா?" என்று ஒருவர் கேட்டார். அவரிடம் பிழையில்லை, நாம் கொடுத்த சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே மதிப்பு மாறாமல் காட்சி மட்டும் மாறுவதை உணர்த்தும் ஒரு சொல்லும், அந்தக் குறித்தொடருக்கு ஒரு சொல்லும் வேண்டும்.

மறுமொழி

ஐயா, தங்கள் மாணவர் கேட்டது இலக்கணப்படி சரியான கேள்வி. வடிவு என்பதை 'வடி' என்னும் வேரிலிருந்து பிறந்ததாகவே நான் கொள்கிறேன். 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்ற புறநானூற்று அடியில் கொல்லன் இரும்பை வேலாக்குகிறான். வடித்தபின் அது பழைய இரும்புத் துண்டாக இருப்பதில்லை. பொருளையே மாற்றும் வினையைக் காட்சி மாற்றத்துக்குப் பயன்படுத்தியதால் வந்த வினை இது. மேலும், நன்னூலார் 'தொல்லை வடிவின எல்லா எழுத்தும்' என்னும்போது வடிவு என்பது எழுதப்படும் வரியுருவைக் குறிக்கிறது. அதன்படி 'எண் வடிவம்' என்றால் ௧, ௨, ௩ ஆகியவற்றின் வரியுருவே நினைவுக்கு வர வேண்டும்.

என் பரிந்துரை 'எண்கோலம்'. கோலம் பூண்டவர் ஆள் மாறுவதில்லை. 'நாணயம்' என்பதையும் நீக்கிக் 'காசு' என்றே எழுதலாம். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கே நாள், மலர், காசு, பிறப்பு என்று பெயர் வைத்த மொழியில் அச்சொல்லுக்கு என்ன குறை?

மறுமொழி

அம்மா, வடிவு பற்றிய தங்கள் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் மென்பொருள் பட்டிகளைப் (menu) பல ஆண்டுகளாகத் தமிழாக்கி வருபவன் என்ற முறையில் கோலத்தையும் காசையும் ஏற்க இயலவில்லை. பட்டியில் ஒரு சொல்லைக் காண்பவர் நிகண்டைத் திறப்பதில்லை. கோலம் என்றதும் அவருக்குத் தரையில் இடும் புள்ளிக்கோலம்தான் தோன்றும். காசு என்பது கையில் உள்ள பணம். நாம் பேசுவது ஒரு தொகை எந்த நாணய அலகில் உள்ளது என்பதைப் பற்றி. நாணயம் வடசொல்லாகவே இருக்கட்டும், அது எல்லோருக்கும் புரிகிறது.

இன்னொன்றையும் கருத வேண்டும். நாணயத்துக்கு அடுத்தபடியாகப் பட்டியில் 'கணக்கியல்' என்ற தனி வகை இருக்கிறது. முதலாவதில் நாணயக்குறி எண்ணை ஒட்டியே நிற்கும். இரண்டாவதில் குறி கலத்தின் ஓரத்துக்கு ஒதுங்கும், பதின்மப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராகும், சுழியம் ஒரு சிறு கோடாகத் தெரியும். இரண்டுக்கும் பொருந்தும் பொதுச்சொல் 'தோற்றம்' ஒன்றே: நாணயத் தோற்றம், கணக்கியல் தோற்றம்.

மறுமொழி

தோற்றத்தில் எனக்கு மறுப்பில்லை. எவரும் தொடாத இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். என் நெஞ்சுக்கு நெருக்கமானது அதுவே. அந்தக் குறித்தொடருக்கு 'வாய்பாடு' என்ற பெயரை முன்மொழிகிறேன். செய்யுளில் நேர்நேர் என்ற அசை அமைப்பில் வரும் எந்தச் சீருக்கும் தேமா என்ற ஒரே வாய்பாட்டுச் சொல் நிற்கிறது. அதனால் அந்தச் சீரின் பொருள் மாமரமாகிவிடுவதில்லை. அவ்வாறே 0 என்ற குறி, அங்கே இலக்கம் இல்லாவிட்டாலும் சுழியத்தை இட்டு இடத்தை நிரப்பும். # குறியோ பொருளுள்ள இலக்கம் இருந்தால் மட்டும் அதைக் காட்டும். தளை கெடும் இடத்தில் குற்றியலிகரம் (குறுகி ஒலிக்கும் இகரம்) அலகு பெறாமல், அதாவது அசைக் கணக்கில் சேராமல், விடப்படுவதைப் போன்றது அது. ? குறி, பொருளுள்ள இலக்கம் இல்லாத இடத்தில் சுழியத்துக்கு மாற்றாக வெற்றிடம் விட்டுப் புள்ளிகளை நேர்ப்படுத்தும். அரைப்புள்ளியால் பிரித்து எழுதினால் மிகை எண், குறை எண், சுழியம், உரை ஆகிய நான்குக்கும் நான்கு வாய்பாடுகள் கிடைக்கும். சதுர அடைப்புக்குள் நிறத்தையும் நிபந்தனையையும்கூடச் சேர்க்கலாம். இவ்வளவையும் தாங்கும் ஒரு சொல்லை யாப்பிலக்கணம் ஆயத்தமாக வைத்திருக்கும்போது புதிது புனைவானேன்?

மறுமொழி

மேலே தோற்றத்தை முன்மொழிந்தவன்தான் எழுதுகிறேன். வாய்பாடு அழகானது, ஆயினும் இந்த இடத்தில் அது இடறும். பள்ளியில் படித்தவருக்கு அது பெருக்கல் வாய்பாடு, வேதியியல் படித்தவருக்கு அது மூலக்கூற்று வாய்பாடு. விரிதாளிலேயே, சமக்குறியிட்டுத் தொடங்கும் சூத்திரத்தை வாய்பாடு என்று எழுதுவோர் உள்ளனர். மதிப்பைக் கணிப்பதற்கும் மதிப்பைக் காட்டுவதற்கும் ஒரே சொல் வந்தால், நம் நண்பரின் மாணவர் கேட்ட கேள்வி நாளை இருமடங்காகும். அதோடு, தேமா என்பது ஏற்கனவே அமைந்த சீரை அடையாளப்படுத்துகிறது. இந்தக் குறித்தொடரோ இப்படிக் காட்டு என்று ஏவுகிறது.

மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும் என்பதால் பெரும்பாலோர் கருத்தை ஒட்டி 'நாணயத் தோற்றம்', 'தோற்றக் குறித்தொடர்' என்று எழுதிவிட்டேன். யாப்பு ஒப்புமை மிகவும் பிடித்துப்போனதால், சொல்லாக அன்றி விளக்கமாக அதை ஒரு பத்தியில் சேர்த்திருக்கிறேன். மதிப்பையே மாற்ற விரும்புவோர் முழுதாக்கும் சார்பைத்தான் (ROUND) பயன்படுத்த வேண்டும், தோற்றத்தை மாற்றிப் பயனில்லை என்ற எச்சரிக்கையை அதிகாரத்தின் தலையிலேயே வைத்துவிட்டேன்.

மறுமொழி

எண்கோலத்தைப் பரிந்துரைத்தவள்தான் எழுதுகிறேன். அச்சுக்குப் போவதைத் தடுக்க விரும்பவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவாக வேண்டும். தோற்றம் என்றால் பிறப்பு என்றும் பொருள். 'நாணயத் தோற்றம்' என்ற தலைப்பைக் காண்பவர் நாணயம் எப்போது பிறந்தது என்ற வரலாற்றை எதிர்பார்ப்பார்.

1234.567 என்ற எண் 1,234.57 எனத் தெரிவதைப் பாருங்கள். இல்லாத காற்புள்ளி வந்தது தோன்றல். 6 என்பது 7 ஆனது திரிதல். கடைசி இலக்கம் மறைந்தது கெடுதல். சொற்கள் புணரும்போது நிகழ்வதாக நன்னூல் சொல்லும் மூன்று விகாரங்களும் (மாற்றங்களும்) ஒரே கலத்தில் நிகழ்கின்றன; புணர்ச்சியில் சொற்கள் தம் பொருளை இழக்காததைப் போலவே கலத்தின் மதிப்பும் அப்படியே இருக்கிறது. விகாரம் என்ற சொல்லை எவரும் பட்டியில் வைக்க மாட்டார்கள், நானும் வைக்கச் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய சொல் புணரியலில்தான் இருக்கிறது; அடுத்த பதிப்புக்குள் தேடித் தருகிறேன். அதுவரை எண்கோலத்தைக் கைவிடுவதாக இல்லை.