இருமலே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை?

தூக்கமில்லாதவள்:
மாமனாருக்கு இரண்டு மாதமாக இருமல். புகைப்பிடிப்பவர், அந்த இருமல்தான் என்று விட்டுவிட்டோம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் மூன்று வயது மகளுக்கு மட்டும் நோய் வராமல் தடுக்க ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட் என்ற மாத்திரை கொடுக்க வேண்டுமாம். "ஓடியாடுகிற பிள்ளைக்கு மருந்தா?" என்று டாக்டரிடம் சண்டையே போட்டேன். ஐந்து வயதுக்குள் கிருமி உள்ளே போனால் அது சும்மா படுத்திருக்கும் என்று நம்ப முடியாது, சில மாதங்களிலேயே நோயாகலாம், மூளைவரைக்கும் போகலாம் என்றார். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்றேன். அந்த மூளை வகையை அது பெரிதும் தடுக்கும், நுரையீரலுக்கு அவ்வளவு உத்தரவாதம் கிடையாது என்றார். சரி, கொடுக்கிறோம். இரண்டாவது மாதமே "நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திவிடலாமா?" என்று வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய சட்டை:
நிறுத்தாதீர்கள். என் மகனுக்கு நாலு வயது, இருமலே இல்லை. போன வருடச் சட்டை இந்த வருடமும் தொளதொளவென்று இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலத்தில் லேசாக உடம்பு சுடும். சத்து டானிக் வாங்கிக் கொடுத்தே மாதங்களைக் கடத்தினோம். (அந்தப் பாட்டில்களை நினைத்தால் இன்றும் எரிச்சல்.) சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் விடிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவ்வளவு பட்டும் அதில் கிருமி தெரியவில்லை! எடை, எக்ஸ்ரே, கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் போட்ட மாண்டோ ஊசியின் தடிப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் காசநோய் என்று முடிவு செய்தார்கள். அப்புறம்தான், பகலில் அவனைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவுக்கு நாள்பட்ட இருமல் இருந்ததே நினைவுக்கு வந்தது. அவருக்கும் காசநோய். மகனுக்குத் தீவிரமில்லாத வகை என்பதால் சிகிச்சை நான்கு மாதத்தில் முடிந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறையாம்.

இரவுப்பணி செவிலி:
இப்போது மலத்திலேயே, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனை பார்க்கலாம், குழாய்ப் பாடு குறையும். தடுப்பு மருந்திலும் ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து மூன்று மாதத்தில் முடிகிற முறை உண்டு. அதில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதீர்கள். எந்த முறையானாலும் வாந்தி, கண் மஞ்சளானால் மட்டும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

தூக்கமில்லாதவள்:
சட்டைக் கதையைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். இன்றைய மாத்திரையை அவரே பொடித்துக் கொடுத்தார். பாதியைத் துப்பிவிட்டாள்.