விதையிலேயே வந்த தேமல்: தீவனப் பயறு போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பூதப்பாண்டிக்காரன்:
கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடந்தது. இரண்டு பசு நிற்கிற வீட்டில் வைக்கோலை மட்டும் எத்தனை நாள் போட? 10 சென்டில் தீவனத் தட்டைப்பயறு விதைத்தேன். விதை, பக்கத்து ஊரில் தெரிந்த ஒருவர் தன் வயலில் எடுத்தது. மணி மணியாக, வண்டுத் துளை ஒன்றுகூட இல்லை.

முதல் ஜோடி இலைக்கு அடுத்த மூவிலை விரிந்ததுமே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் மாறித் தெரிந்தன. நரம்பை ஒட்டிக் கரும்பச்சை, இடையில் வெளிர்பச்சை, இலை கொப்புளித்துச் சுருங்கியிருந்தது. அது தேமல் என்கிற வைரஸ் நோய் என்று தெரியாமல், சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் அடித்தேன்; காசு போனதுதான் மிச்சம். அப்புறம் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) ஏறியதும் அந்தச் செடிகளைச் சுற்றித் திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. வழக்கமாக வருகிற தீவனக் கட்டுகளில் பாதிதான் அறுத்தேன். பசுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, செடி வைரஸ் மாட்டைத் தொற்றாது.

வேளாண்மை படித்த உறவுக்காரத் தம்பி சொன்னபடி, மிச்ச விதையில் 100 எண்ணி எடுத்துத் தென்னைநார்த் துகளில் ஊன்றி, மேலே அசுவினி புகாத நெருக்கமான வலை கட்டினேன். பூச்சி நுழைய வழியில்லாத இடத்தில் தேமல் வந்தால் அது விதையோடு வந்ததுதானே. மூன்று வாரத்தில் 4 செடியில் வந்தது. விதை தந்தவரிடம் சொன்னால், "என் வயலில் ஒன்றும் இல்லையே" என்கிறார்.

குலசேகரம் விளை:
அண்ணே, எனக்கு நேர்மாறு. பளிச்சென்று மஞ்சள் திட்டு விழுந்ததைப் பார்த்து விதைதான் கோளாறு என்று வாங்கின கடையில் சண்டைக்கே போய்விட்டேன். அது வெள்ளை ஈ கொண்டுவருகிற மஞ்சள் தேமல். விதையைக் குறை சொன்னது என் தப்பு. இப்போதும் அந்தக் கடைப்பக்கம் தலைகுனிந்துதான் போகிறேன்.

ஆய்வகத்து அக்கா:
சொந்த ஊர் நாகர்கோவில், சில வருஷம் விதை ஆய்வில் இருந்தேன். ஒருமுறை தட்டைப்பயறு விதையை முழுசாக அரைத்து எலிசா (எதிர்ப்பொருளை வைத்து வைரஸைக் கண்டுபிடிக்கும் ஆய்வகச் சோதனை) செய்தோம். சோதனைத் தட்டில் குழிக்குக் குழி, வைரஸ் இருந்தால் வருகிற மஞ்சள் நிறம். விதை மொத்தமும் போச்சு என்று நினைத்தோம். அதே விதையை முளைக்க வைத்துத் தளிரைச் சோதித்தால் மிகக் கொஞ்சம் செடியில்தான் வைரஸ் இருந்தது. விதைத் தோலில் ஒட்டியிருக்கும் வைரஸையும் எலிசா காட்டிவிடும். செடிக்கு வருவது பெரும்பாலும் கருவுக்குள் இருப்பதுதான். அதனால் அந்த வலைச் சோதனையைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று, எலிசாவில் ஒவ்வொரு வைரஸுக்கும் தனி எதிர்ப்பொருள் வேண்டும். அசுவினி பரப்பும் தட்டைப்பயறு தேமலுக்குப் பார்த்து 'இல்லை' என்று வந்தால், வெள்ளரித் தேமல் வைரஸும் இல்லை என்று ஆகாது. இரண்டுமே விதையில் வரும்.

தோவாளை தம்பி:
அக்கா, 100 விதையில் ஒன்றுகூட வரவில்லை என்றால் தைரியமாக விதைக்கலாமா?

ஆய்வகத்து அக்கா:
முடியாது தம்பி. 100-இல் சுழி வந்தாலும் உண்மையில் 3 சதவீதம் வரை இருக்கலாம். 300 போட்டுச் சுழி வந்தால் ஏறக்குறைய 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லலாம். ஒரு சதவீதமும் அசுவினி வருகிற பருவத்தில் லேசுப்பட்டதில்லை. அசுவினி நோயுள்ள இலையில் சில நொடி குத்தி எடுத்தாலே போதும், அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும். மருந்து அடித்து அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். தேமல் கண்ட செடியை முளையிலேயே பிடுங்குவதுதான் நல்லது.

குலசேகரம் விளை:
விதை நேர்த்தி மருந்தில் புரட்டினால் போகாதா?

ஆய்வகத்து அக்கா:
அது பூஞ்சாணத்துக்கு. கருவுக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

தோவாளை தம்பி:
பூதப்பாண்டி அண்ணே, மிச்ச விதையை என்ன செய்தீர்கள்?

பூதப்பாண்டிக்காரன்:
மருந்து புரட்டாத விதைதானே மக்கா. அவித்துத் தேங்காய் துருவிப் போட்டு, கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டோம்.